இல்லையென்று சொல்லாத வீடு

இது எந்த வருஷம் நடந்தது என்று கேட்டால் திட்டமாகச் சொல்ல முடியாது. யுத்தம் முடிந்த பிறகு என்பது நிச்சயம். கமீலாவின் மகள் ஸஹ்னாவுக்குக் கலியாணம் பேசுவதற்கு முன்னால் என்பதும் நிச்சயம். நடுவில் உள்ளதெல்லாம் மங்கல். அடுத்த வளவில் அத்தாஉல்லா அறுக்கப்போன அந்தத் தென்னை, குசினிப் பக்கம், அதாவது அவர் சமையலறைப் பக்கம், சாய்ந்து நின்றதாக என் நினைவு. வேலிப் பக்கம்தான் சாய்ந்திருந்தது என்று சாதிக்கிறவர்களும் உண்டு. அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். வெள்ளிக்கிழமையில் அத்தாஉல்லா மரத்தில் கைவைக்கிற ஆளில்லை என்று யாரோ சொன்னபோது அதையும் விட்டுவிட்டேன். பேச்சுகள் மட்டும் காதில் பிசகில்லாமல் நிற்கின்றன. அவற்றைப் பிறகு ஊரில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், அதனால் அப்படி நிற்கிறதோ என்னவோ.

அன்றைக்கு எல்லோரும் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கமீலா ஒருத்திதான் வாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகவே அவள் பக்கமிருந்துதான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாள் என்றால் சங்கிலி வாள். பெற்றோலில் ஓடுகிற சின்ன மிசின், செம்மஞ்சள் நிறம், தூக்கினால் ஒரு கைக்குழந்தையின் பாரம். கமீலாவின் கணவன் மர்ஸூக் அதைப் புத்தளம் டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வாங்கினான். யுத்தம் முடிந்து பாதை திறந்திருந்த காலம். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு வள்ளமேறி வந்தவர்களில் அவனும் ஒருவன். இருபது வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தபோது வாப்பாவின் காணி எது, அடுத்தவன் காணி எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே காடாக நின்றது. கடைக்காரன் பெரிய மிசினைக் காட்டினான். மர்ஸூக் சின்னதைத்தான் எடுத்தான். வீட்டுத் தோட்டத்துக்கு, விழுந்த கொப்புகளுக்கு, விறகுக்கு என்று செய்த சாமான் அது. அதைக் கொண்டே அவன் காட்டை வெட்டினான், கிணற்றைக் கண்டுபிடித்தான், வாசற்படி ஒன்றையும் கண்டுபிடித்தான். சில நாள் தங்கியும் பார்த்தான். பிறகு மற்றவர்களைப் போலவே திரும்பி வந்துவிட்டான். உப்பளத்து வேலை இங்கேதான் இருந்தது. பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் இங்கேதான். காணி அங்கே கிடந்தது, வாள் மட்டும் அவர்கள் குடியிருந்த பள்ளிவாசல்துறைக்கு வந்து, உரப்பையில் சுற்றப்பட்டு, அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவே நின்றது.

பள்ளிவாசல்துறையில் ஒரு வீட்டில் அம்மி இருந்தால் பத்து வீட்டில் கறி கொதிக்கும். அலவாங்கு, மண்வெட்டி, கந்தூரிக் கிடாரம், மீன் நிறுக்கிற தராசு எல்லாம் வேலிக்கு மேலாகப் போய் வேலிக்கு மேலாகவே திரும்பி வரும். சங்கிலி வாளும் அந்த வரிசையில் சேர்ந்தது. கேட்டு வருகிறவர்கள் பெற்றோலைத் தாங்களே போத்தலில் கொண்டுவருவார்கள். திருப்பித் தரும்போது வெறுங்கையாகத் தரமாட்டார்கள், நாலு கீளி மீனோ ஒரு குலை வாழைக்காயோ கூடவே வரும். மர்ஸூக் யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை. தொழுதுகொண்டே அண்டை வீட்டாருக்குப் புழங்கு சாமானைத் தர மறுக்கிறவர்களின் கதி என்ன என்று பள்ளியில் மௌலவி ஒருமுறை பயான் செய்திருந்தார். அது அவன் மனதில் ஆணி மாதிரி இறங்கிவிட்டது. அதற்கும் மேலே இன்னொன்று இருந்தது. அவர்கள் குடியிருந்த துண்டுக் காணியே அப்படிக் கிடைத்ததுதான். வள்ளத்திலிருந்து இறங்கி வந்த நாளில், அடுத்த வளவுக்காரர் அத்தாஉல்லாவின் வாப்பா, "இதுல ஒரு கொட்டிலப் போட்டுக்கொண்டு இருங்க" என்று கையால் காட்டிய இடம் அது. கிணறும் இரண்டு வளவுக்கும் பொதுவாகவே இருந்தது. வாங்கியவன் எப்படிக் கொடுக்காமல் இருப்பான்?

முதல் கேடு அதே ஊர் ஃபைஸலால் வந்தது. வள்ளம் ஏற்றி வைக்கக் கட்டை அறுப்பதற்கு வாங்கிக்கொண்டு போனவன், சைக்கிள் கரியரிலிருந்து அதைக் கீழே போட்டுவிட்டான். முன்கைப்பிடிக்கு எதிரே நிற்கிற பிளாஸ்டிக் காப்பு உடைந்து தொங்கியது. வள்ளத்து எஞ்சின்கள் திருத்துகிற அன்ரனிப்பிள்ளையிடம் மர்ஸூக் அதைக் கொண்டுபோனான். கமீலாவும் கூடப் போயிருந்தாள்.

அன்ரனிப்பிள்ளை காப்பை இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்தார். "மர்ஸூக், இது வடிவுக்கு வச்சதில்ல. வாளின்ர நுனி எதிலயாவது முட்டினா அது மேல எகிறும். எகிறேக்க இது கையில பட்டு செயின நிப்பாட்டும். இப்ப நிப்பாட்ட ஒண்டுமில்ல."

"சாமான் எடுக்கேலாதா அண்ணே?"

"கொழும்பில சொல்லிப் பாப்பம். அதுவரைக்கும் சும்மா கட்டி வையும்."

"ஆரும் கேட்டு வந்தா?"

அன்ரனிப்பிள்ளை சிரித்தார். "உங்கட ஊர்ல கேக்காம இருப்பாங்களா? கேட்டா, நான் சுட்டுப்போடுவன் எண்டு சொன்னதாச் சொல்லும்."

சாமான் வரவில்லை. மர்ஸூக் காப்பைக் கம்பியால் கட்டினான். அது பார்வைக்குக் காப்பாக நின்றது, அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் கழித்து கிணற்றடி வேம்பில் தாழ்ந்திருந்த கொப்பு ஒன்றை அவனே அறுத்தான். கமீலா துணி அலசிக்கொண்டிருந்தாள். வாளின் நுனி அப்பால் நின்ற இன்னொரு கொப்பைத் தொட்டது. தொட்டதை அவள் காணவில்லை. வாள் பாம்பு படமெடுத்த மாதிரி எழுந்து அவன் முகத்தைக் கடந்து தோளுக்கு மேலே போனதைத்தான் கண்டாள். அவன் தலைத் தொப்பி கிணற்றுக்குள் விழுந்தது. மிசினை நிறுத்திவிட்டு மர்ஸூக் வெகுநேரம் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்திருந்தான். அவள் வாளியை விட்டுத் தொப்பியை எடுத்தாள். விளிம்பில் நூல் பிரிந்திருந்தது. அதை உதறி வேலியில் காயப்போட்டாள். அவன் அந்த வாளை அதற்குப் பிறகு தொடவே இல்லை.

ஆனால் கேட்டவர்களுக்குக் கொடுத்தான்.

"சொல்லித்தானே குடுக்கிறன்," என்றான். "பிரேக் இல்ல, நுனி படாமப் பிடிங்க எண்டு சொல்லித்தான் குடுக்கிறன்."

"நீங்க தொடமாட்டீங்க. மத்தவங்க தொடலாம்."

"தரமாட்டன் எண்டு சொல்ல என்ர வாய் வராது கமீலா."

"எனக்கு வரும்."

"உனக்கும் வராது."

அது உண்மையாகவே இருந்தது. அயல்வீட்டு றிஸ்கான் வந்து கேட்டபோது அவள் சொல்லிப் பார்த்தாள். "அவர் இல்ல. வந்த பிறகு கேளுங்க."

"எனக்கு மிசின்தான் ராத்தா வேணும், நானா வேணாம்," என்றான் அவன். ராத்தா என்றால் அக்கா, நானா என்றால் அண்ணன்; நானா என்றது மர்ஸூக்கை. அவளையறியாமல் சிரிப்பு வந்தது. சிரித்தபிறகு இல்லையென்று சொல்ல முடியாது. அவன் வாளைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

அன்று அவள் உலையில் அரிசி போடவில்லை. பள்ளிவாசல்துறை சின்ன ஊர், வாளின் அலறல் எந்த மூலையிலிருந்தும் கேட்கும். அலறிக்கொண்டிருக்கும்வரை அவளுக்குப் பயமில்லை. அது நிற்கும்போதுதான் நெஞ்சு நின்றது. நின்றதும் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பாள். யாராவது கூப்பிடுகிறார்களா, யாராவது ஓடுகிறார்களா? காகம் கரையும். எங்கோ ஒரு ஆடு கத்தும். பிறகு மீண்டும் அலறல். இந்த ஊரில் யாரோ ஒருவர் தங்கள் வீட்டுச் சாமானால் சாகப்போகிறார் என்று அவள் மனதில் விழுந்துவிட்டது. யார் என்பது மட்டும் தெரியவில்லை. வருகிறவர்களின் கைகளை, கழுத்தை, நெற்றியைப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு அந்தக் காலத்தில்தான் வந்தது.

கச்சான் காற்று, அந்தத் தென்மேல் பருவக்காற்று, தொடங்கியிருந்தது. அத்தாஉல்லாவின் வளவில் குசினியை ஒட்டி நின்ற தென்னை, செவ்வண்டு தின்று, குருத்தழிந்து, மொட்டைக் கம்பமாக நின்றது. காற்றடிக்கும்போது அது உச்சியில் ஒரு சத்தம் போடும், நோயாளி பல்லைக் கடிக்கிற மாதிரி. ஒரு பின்னேரம் அத்தாஉல்லா வேலிக்கு மேலாகத் தலையை நீட்டினார். அறுபது வயதைத் தொட்ட, பகிடி பேசாமல் ஒரு நாளும் படுக்கப் போகாத மனிதர்.

"தங்கச்சி, உங்கட அந்தக் கத்துற புள்ளய நாளைக்கு எங்கட ஊட்டுக்கு அனுப்புங்க."

கமீலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "நானா, அதுல பிரேக் உடைஞ்சிருக்கு."

"எனக்கும்தான் முழங்கால் உடைஞ்சீக்கு. ஜுனைதா என்ன ஊட்டவிட்டுத் தொரத்தினாவா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி ஜுனைதாவின் குரல் வந்தது. "தொரத்தினா மட்டும் போயிருவீங்களா?"

"மரமேறியக் கூப்பிடேலாதா நானா?" என்றாள் கமீலா.

"கூப்பிட்டன். அண்ணாந்து பாத்தான். வெத்தில கேட்டான். போட்டுக்கொண்டு போயிட்டான். குருத்தழிஞ்ச மரத்துல ஏறினா மரமும் நானும் ஒண்டாத்தான் எறங்குவம் எண்டான். கீழால அறுத்து, கயிறு கட்டி அந்தப் பக்கம் இழுக்கத்தான் வேணும். மருமகன் இனாஸ் வாரான், எங்கட ராத்தாட மகன்."

மர்ஸூக் வந்ததும் அவள் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். உப்புக் காற்றில் வெடித்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டான். "அவர் கேட்டா நம்மட கூரையையே கழட்டிக் குடுக்கத்தான் வேணும்," என்றான்.

அன்றிரவு கமீலா வழிகளை எண்ணிப் பார்த்தாள். தரமாட்டேன் என்பது ஒரு வழி. அது பாவம், நன்றிகெட்ட பாவம். வாள் இங்கே இல்லை என்பது இன்னொரு வழி, அது பொய். ஆனால் வெட்டாத வாளை வெட்டாது என்று சொன்னால் அதில் பொய்யுமில்லை, மறுப்புமில்லை. விடியற்காலை சுபஹுத் தொழுகையில், நெற்றி நிலத்தில் பதிய ஸுஜூதில் இருக்கும்போது இந்த எண்ணம் தெளிவாக வந்தது. ஸுஜூதில் வந்ததால் அது நல்ல எண்ணம் என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

மேகம் கறுத்திருந்ததால் மர்ஸூக் அன்று விடிந்ததும் உப்பை மூட ஓடிவிட்டான். அவள் உரப்பையை அவிழ்த்து, வாளைக் குளிக்கிற மறைப்புக்குப் பின்னால் கொண்டுபோனாள். உடைந்த சீமெந்துக் கல் ஒன்று அங்கே கிடந்தது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, சங்கிலியை இழுத்து இழுத்து, ஒவ்வொரு பல்லாகக் கல்லில் தேய்த்தாள். பல்லின் கூர் மினுங்கி, மங்கி, வட்டமானது. குசினியில் புழங்கிய பெண்ணுக்குக் கத்தியின் தன்மை தெரியும், மொட்டைக் கத்தி விரலை வெட்டாது. மொட்டை வாளும் ஆளை வெட்டாது என்று அவள் நினைத்தாள். தேய்த்து முடித்தபோது வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. மாதக்கணக்கில் நெஞ்சில் ஏறியிருந்த ஏதோ ஒன்று இறங்கிய மாதிரியும் இருந்தது. வாளை மறுபடி சுற்றி, இருந்த இடத்தில் வைத்தாள்.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அத்தாஉல்லா வந்தார். கையில் பெற்றோல் போத்தல்.

"நானா, அது சரியா வேல செய்யாது," என்றாள் கமீலா.

"வேல செய்யாதவங்களக் கொண்டு வேல வாங்குறதுதானே தங்கச்சி என்ட தொழிலே. எடுங்க பாப்பம்."

அவள் எடுத்து வந்து முற்றத்தில் வைத்தாள். அவர் பெற்றோலை ஊற்றினார், காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பில் மிசின் பிடித்துக்கொண்டது. புகை கக்கி, சிரித்த மாதிரி உறுமியது. அத்தாஉல்லா அதை நிறுத்தினார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பகிடி இல்லை.

"நல்லாத்தானே ஓடுது," என்றார். கொஞ்சம் பொறுத்து, தாழ்ந்த குரலில், "தர விருப்பமில்லாட்டிச் சொல்லுங்க தங்கச்சி. நான் ஒண்டும் நெனைக்கமாட்டன்," என்றார்.

பல் மொட்டை என்று அவள் அப்போது சொல்லியிருக்கலாம். எப்படி மொட்டையானது என்று அவர் கேட்பார். குனிந்து பார்த்தால் புதிதாய்த் தேய்த்த தடம் பகல் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். இருபது வருஷம் இவர் வாப்பா காட்டிய மண்ணில் சோறு தின்றவள் இவருக்குத் தரக்கூடாதென்று வாளைக் கெடுத்து வைத்தாள் என்றாகும். அகதியாய் வந்தவர்களைப் பற்றிச் சிலர் முதுகுக்குப் பின்னால் சொல்கிற சொல்லெல்லாம் அவள் காதில் வந்து நின்றது. இந்த மனிதர் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

"அல்லாவே, அப்படியில்ல நானா," என்றாள். "கொண்டுபோங்க."

தானே தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

இனாஸ் ஏணி வைத்து, எட்டிய உயரத்தில் மரத்தில் கயிறு கட்டி, மறுமுனையைக் குசினிக்கு எதிர்ப்பக்கத் திடலில் நின்ற பூவரசில் சுற்றியிருந்தான். குசினியிலிருந்த சட்டி பானைகளை ஜுனைதா வெளியே எடுத்து அடுக்கியிருந்தாள். கமீலா கிணற்றடியில் நின்றாள். நீர் அள்ளுகிற சாக்கு. வாளி நிறைந்து வெகுநேரமாகியும் அவள் அதைத் தூக்கவில்லை.

வாள் அலறியது. நல்ல பல்லுள்ள வாள் மரத்தைத் துருவிப் போடும், தேங்காய்ப்பூ மாதிரிச் சில்லுகள் பறக்கும். அன்று பறந்தது மா. கோதம்ப மா மாதிரி மெல்லிய தூள். காற்று அதை அள்ளி வேலிக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து அவள் முந்தானையில் கொட்டியது. அத்தாஉல்லா அழுத்தினார். புகை வந்தது. எரிந்த மரத்தின் வாடை வந்தது. இன்னும் அழுத்தினார். தென்னையின் வெளிவைரம் இரும்பு மாதிரி, உள்ளே சோறு மாதிரி. அந்த வைரத்தைத்தான் வாள் கடந்து போக மாட்டேனென்றது. ஒரு கட்டத்தில் அவர் நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்தார்.

"உள்ளுக்க இரும்பு ஈக்கு," என்றார் இனாஸிடம். "வாப்பா எலிக்குத் தகரம் அடிச்ச மரம் இது. ஆணியெல்லாம் மரம் முழுங்கி வெச்சீக்கு. பாத்தியா, மௌத்தாகி மண்ணுக்குள்ள போயும் என்ட வேலையில கைவெக்கிறார்."

"அப்ப என்ன மாமா செய்யிற?"

"அந்தப் பக்கத்தால, கொஞ்சம் மேல அறுப்பம். அங்க ஆணி இருக்காது."

அவர் சுற்றிக்கொண்டு போய், எதிர்ப்புறத்தில், முதல் வெட்டுக்கு ஒரு சாண் மேலே வாளை வைத்தார். மறுபடி மா. மறுபடி புகை. பாதிக்கும் போகவில்லை, வாள் இறுகி, எஞ்சின் அடங்கிப்போனது. இழுத்துப் பார்த்தார்கள். மரம் அதைக் கவ்விக்கொண்டு விடவில்லை. அந்த நேரத்தில் பள்ளியில் பின்னேரத் தொழுகையான அஸருக்கு அழைப்புக் கேட்டது. அத்தாஉல்லா கைகால் கழுவக் கிணற்றடிக்கு வந்தார். கமீலா நிறைந்த வாளியை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

"உங்கட புள்ள களைச்சுப்போச்சு தங்கச்சி," என்றார். "அதுல பிழையில்ல. எங்கட மரத்துலதான் பிழை."

அவள் வாய் திறந்தது. ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்ததை அவள் உணர்ந்தாள். அவர் அதற்குள் பாதத்தில் நீரை ஊற்றிக்கொண்டு, ஈரக் காலடி மணலில் பதிய, பள்ளியை நோக்கிப் போய்விட்டார்.

ஆண்கள் தொழப் போன இடைவெளியில் அவள் வேலியைக் கடந்து ஜுனைதாவிடம் போனாள். ஜுனைதா குசினி வாசலில் கதிரையைப் போட்டு, வெட்டுண்ட மரத்தைப் பார்த்தபடி இருந்தாள். பால் விடாத தேநீர், பிளேன்டி, ஊற்றித் தந்தாள். மரத்தில் செருகியபடியே நின்றது வாள், யாரோ குத்திவிட்டு எடுக்க மறந்த கத்தி மாதிரி. காற்று உரக்க வந்தபோது மரம் அடியில் ஒரு சத்தம் போட்டது. முன்பு உச்சியில் கேட்ட சத்தம் இப்போது கீழே இறங்கியிருந்தது.

தேநீர் ஆறியது.

"ராத்தா," என்றாள் கமீலா. "இண்டைக்கு விடச் சொல்லுங்க. நாளைக்கு எங்கட அவர் வந்து பாக்கட்டும்."

"பாதி வெட்டின மரத்துக்குக் கீழ எப்பிடி மகள் படுக்கிற?"

"எங்கட வீட்டில வந்து படுங்க. எல்லாரும் வாங்க."

ஜுனைதா அவளைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன் உங்கட மொகம் இப்பிடி ஈக்கு?"

கமீலா தேநீர்க் கோப்பையைப் பார்த்தாள். நான் பல்லைத் தேய்த்தேன். மரத்தில் ஆணி இல்லை. ஆறே சொற்கள்தான். அரம் கொண்டு தீட்டினால், அல்லது அன்ரனிப்பிள்ளையிடமிருந்து வேறு சங்கிலி வாங்கி வந்தால், முதல் வெட்டிலேயே மரம் ஒழுங்காக விழும். அவளுக்கு அது தெரியும். தெரிந்துகொண்டு அவள் அந்தக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தாள்.

"காத்துக்குத் தலையிடி ராத்தா," என்றாள்.

அத்தாஉல்லா கோடாலியோடு திரும்பி வந்தார். "பழைய ஆள்தான் சரி," என்று கோடாலிப் பிடியைத் தட்டினார். "இவன் சத்தம் போடமாட்டான், பெற்றோல் கேக்கமாட்டான், ஆணியக் கண்டும் பயப்படமாட்டான்." இனாஸைப் பூவரசடிக்கு அனுப்பினார். "நான் சொல்லக்குள்ள இழு. நான் சொல்லாம மூச்சும் விடாத."

கமீலா மறுபடியும் கிணற்றடிக்கு வந்திருந்தாள்.

வாள் இறுகிய வெட்டுக்குப் பக்கத்தில் கோடாலி விழுந்தது. நாலைந்து கொத்து. கச்சான் ஒருமுறை மூச்சை அடக்கி, பிறகு மொத்தமாக வந்தது. அத்தாஉல்லா இழு என்று சொல்லவில்லை, காற்றே இழுத்தது. இரண்டு வெட்டுக்கும் நடுவிலிருந்த அந்த ஒரு சாண் மரம் நீளப்பாட்டில் பிளந்தது. உச்சி திடல் பக்கமாகச் சரியத்தான் சரிந்தது. எல்லோரும் உச்சியைத்தான் பார்த்தார்கள். அடிமரம், மண்ணில் நின்ற குற்றியிலிருந்து நழுவி, முட்டுகிற மாடு மாதிரிப் பின்னோக்கி வந்து அத்தாஉல்லாவின் நெஞ்சில் இறங்கியது.

பிறகு சத்தமே இல்லை. கமீலா அத்தனை மாதமாகக் காதைத் தீட்டி எதிர்பார்த்திருந்த சத்தமின்மை அதுதான். அதை அவள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

ஃபைஸலின் வேனில் ஏற்றினார்கள். மெயின் ரோட்டுக்கு ஏறுவதற்குள் அத்தாஉல்லா மௌத்தாகிவிட்டார். திடீர் மரண விசாரணைக்காரர் வந்து பார்த்து, விபத்து என்று சொல்லி ஜனாஸாவைக் கொடுத்தார். அவருடைய நேரம் அவ்வளவுதான் என்றார்கள். தகரத்து ஆணி எமனாகிவிட்டது என்றார்கள். சங்கிலி வாள் உடம்பில் ஒரு கீறலும் போடவில்லையே என்று வியந்தவர்களும் இருந்தார்கள். மர்ஸூக் உப்பளத்திலிருந்து வந்து, ஜனாஸாவைத் தோள்கொடுத்துத் தூக்கி, மூன்று பிடி மண் போட்டு, வீட்டுக்கு வந்து படுத்தான். வாள் அவன் வீட்டுச் சாமான் என்று ஒருவரும் சொல்லிக்காட்டவில்லை.

இனாஸ் மட்டும் அடங்கவில்லை. துக்க வீட்டுச் சனம் கலைந்தபிறகு அவன் குற்றியைக் கோடாலியால் பிளக்கத் தொடங்கினான். அந்த ஆணியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றான். தினமும் பின்னேரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளந்தான். விழுந்த மரத்தின் அடிப்பக்கத்தையும் பிளந்தான். கமீலாவுக்கு அந்தக் கொத்துச் சத்தம் குசினிவரை கேட்டது. ஒரு நாள் அவன் வேலியோரம் வந்து நின்று, "ராத்தா, ஒரு துண்டு இரும்பும் இல்ல," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. விளங்காமல் நின்றான்.

மறுநாள் காலை கமீலா ஜுனைதாவிடம் போனாள். ஜுனைதா, கணவன் இறந்த பெண் தனித்திருக்கிற இத்தாவில், உள்ளறையில் வெள்ளை உடுத்து இருந்தாள். பெண்கள் வேறு யாரும் அப்போது இல்லை. கமீலா பாயில் உட்கார்ந்தாள். ஸுஜூதில் வந்த எண்ணத்திலிருந்து தொடங்கி, சீமெந்துக் கல், பல், பெற்றோல், அவர் கேட்ட கேள்வி, தன் கையால் தூக்கிக் கொடுத்தது என்று ஒன்றையும் விடாமல் சொன்னாள். நடுவில் அழவில்லை. அழுதால் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆகும் என்று அவளுக்குப் பட்டது.

ஜுனைதா கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்தபிறகும் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரியே இருந்தாள். வெளியே யாரோ விறகு அடுக்கினார்கள். ஜன்னல் சீலை காற்றில் உப்பி, ஒட்டி, மறுபடி உப்பியது.

"பல்லத் தேச்சது, ஒரு ஆளுக்கும் ஒண்டும் ஆகக்கூடாதெண்டுதான்," என்றாள் ஜுனைதா கடைசியில். "அது எனக்கு வெளங்குது."

கமீலா தலையசைத்தாள்.

"அவர் ஆணி எண்டு வாப்பாவ ஏசிக்கொண்டு அந்தப் பக்கம் போகக்குள்ள, நீங்க கிணத்தடியில நிண்டீங்க."

"ஓம்."

"என்கிட்ட வந்து தேத்தண்ணி குடிச்சீங்க."

"ஓம்."

"அப்ப சொல்லியிருக்கலாமே மகள்."

கமீலா பாயில் பிரிந்திருந்த ஓலையை விரலால் அமுக்கினாள். "இனாஸுக்குத் தெரியவேணாம்," என்றாள் ஜுனைதா. "அவன் எளவயசுக்காரன். எனக்குத் தெரிஞ்சது போதும்." பிறகு சுவர்ப்பக்கம் திரும்பித் தஸ்பீஹ் மணியை உருட்டத் தொடங்கினாள். கமீலா எழுந்து வந்தாள். வாசல்வரை அவளை ஒருவரும் வழியனுப்பவில்லை. அந்த வீட்டில் அப்படி நடந்தது அதுதான் முதல்முறை.

மர்ஸூக்குக்கும் அவள் சொன்னாள். அவன், விழுந்த மரத்திலிருந்து கழன்று வந்திருந்த வாளை எடுத்துக்கொண்டு அன்ரனிப்பிள்ளையிடம் போய், துண்டு துண்டாகக் கழற்றச் சொல்லி, கழற்றி முடியும்வரை பக்கத்தில் நின்றான்.

ஜுனைதா இத்தா முடிந்ததும் முந்தல் ஊரில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டாள், இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அவள் அதை யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. கமீலா வாயால்தான் கதை பிற்பாடு வெளியே வந்தது. இனாஸ் அந்த வளவை வைத்திருக்கிறான். குசினியை இடித்து இறால் பெட்டி அடுக்குகிற கொட்டில் போட்டிருக்கிறான். அன்ரனிப்பிள்ளைக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது, எஞ்சின் வேலையை விட்டுவிட்டார். ஸஹ்னா வண்ணாத்திவில்லில் கலியாணம் முடித்து இரண்டு பிள்ளைகள். மர்ஸூக்கும் கமீலாவும் மன்னாருக்குத் தெற்கே அந்தப் பழைய காணிக்குத் திரும்பிப் போனார்கள். காடு மறுபடி வளர்ந்திருந்தது. கத்தியால் ஒரு வீட்டளவு வெட்டிக்கொண்டு அதில் இருக்கிறார்கள். சுற்றிலும் கூப்பிடு தூரத்தில் வீடு இல்லை. ஒருவரும் ஒன்றும் கேட்டு வருவதில்லை.